புதுச்சேரியில் ரெக்கார்டிங் கோர்ஸ் சேரலாமா, சென்னைக்கே போய்விடலாமா?

கெடிலக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் திருப்பாதிரிப்புலியூர். பி.எஸ்சி. இயற்பியல் முடித்தாயிற்று. சர்ச் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். வீட்டில் லேப்டாப், குட்டி மிடி கீபோர்டு, எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசை மென்பொருள் மூன்றும் உண்டு. பீட் போட்டு, ட்ராக் அடுக்கி ஒரு பாட்டை ஒப்பேற்றிவிடுவேன். குரல் பதிவு என்று வந்தால்தான் மானம் போகிறது. பாடுகிறவர் நன்றாகத்தான் பாடியிருப்பார். ஹெட்ஃபோனில் கேட்டால் அறைச் சத்தம் முதலில் வருகிறது, அப்புறம்தான் அவர் வருகிறார்.

புதுச்சேரியில் ஒரு ஸ்டூடியோவிலேயே கோர்ஸ் நடத்துகிறார்கள். மூன்று மாதம், வாரத்துக்கு மூன்று வகுப்பு, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். ரெக்கார்டிங், எடிட்டிங், மிக்ஸிங், மாஸ்டரிங் (மிக்ஸ் முடிந்த பாட்டை வெளியிடத் தயாராக்குவது), மியூசிக் புரொடக்‌ஷன் எல்லாம் அதற்குள். கட்டணம் 60,000. பஸ்ஸில் போய்விட்டு இரவுக்குள் வீடு வந்துவிடலாம். சென்னையில் ஒரு வருட டிப்ளமோ என்றால் கட்டணம் பல மடங்கு, ஹாஸ்டல் செலவு வேறு. அப்பா, "தருகிறேன், ஆனால் ஒரு தடவைதான். யோசித்துச் சொல்" என்றுவிட்டார்.

இந்தப் பக்கம் ஸ்டூடியோ வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சேரலாமா?

பெட்ரூம் பீட்ஸ்:

ப்ரோ, அந்த 60,000 ரூபாயைக் கொண்டுபோய் யாரிடமும் கொடுக்காதீர்கள். அந்தக் காசுக்கு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக், நல்ல ஹெட்ஃபோன், ஸ்டாண்டு, பாப் ஃபில்டர் எல்லாம் வாங்கினாலும் மீதி இருக்கும். மென்பொருளுக்குக் காசே வேண்டாம். ரீப்பரை 60 நாள் ஓட்டிப் பார்க்கலாம், பிடித்தால் தனிநபர் லைசென்ஸ் 60 டாலர். ப்ரோ டூல்ஸ்தான் பழக வேண்டும் என்றால் அதன் இன்ட்ரோ பதிப்பு இலவசம், எட்டு ஆடியோ ட்ராக் வரை கிடைக்கும். மிக்ஸிங் பழகப் பாட்டு இல்லையே என்று கவலைப்படாதீர்கள். கேம்பிரிட்ஜ் மியூசிக் டெக்னாலஜி தளத்தில் முழுப் பாட்டுகளைத் தனித்தனி ட்ராக்காகவே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

நான் ஒரு வகுப்புக்கும் போனதில்லை. லாஸ்பேட்டையில் மாடி அறையில் உட்கார்ந்து பழகியதுதான் எல்லாம். என்னிடம் பாட்டு கேட்டு வருகிறவர்கள் ஒருவர்கூட சான்றிதழ் கேட்டதில்லை.

மிஷன் வீதி:

தம்பி, முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். வாரம் ஆறு மணி நேரம், 12 வாரம், ஆக 72 மணி. ஒரு பேட்சில் எத்தனை பேர்? பத்துப் பேர் என்று வையுங்கள். பாதி நேரம் போர்டு பாடத்தில் போய்விடும். மீதி 36 மணியைப் பத்தாக வகுத்தால் தலைக்கு மூன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வரும். மைக்கைத் தொடுவதற்கு அவ்வளவுதான். அப்புறம் அந்த 60,000 ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா? 18 சதவீதம் தனி என்றால் கடைசியில் 70,800 கட்டுவீர்கள். இதை முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

கோர்ஸே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நானும் இந்த ஊரில் ரொம்ப நாளாகச் சின்ன ஸ்டூடியோ வைத்துப் பிழைக்கிறவன்தான், உதவிக்கு வரும் பையன்களைப் பார்க்கிறேன். மென்பொருள் எல்லாருக்கும் தெரிகிறது. பாடகர் மைக் முன்னால் நின்று இருமினால் என்ன செய்வது என்று தெரியவில்லை. குரல் வறண்டு கேட்டால் மென்பொருளில் ஈக்யூவை (மேல், கீழ் அலைவரிசைகளைக் கூட்டிக் குறைப்பது) திறக்கிறார்கள். எழுந்து போய் மைக்கை நான்கு விரற்கடை நகர்த்த வேண்டும் என்று தோன்றுவதில்லை. அந்தப் பழக்கம் வீடியோ பார்த்து வராது. நீங்கள் நகர்த்த வேண்டும், அதே ஆள் அதே வரியைத் திரும்பப் பாட வேண்டும், பக்கத்தில் ஒருவர் இருந்து "இப்போ கேள்" என்று சொல்ல வேண்டும். காசு கொடுத்தால் அதற்குக் கொடுங்கள்.

அங்கே போனால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: போன பேட்ச் மாணவர்கள் பதிவு செய்ததைக் கேட்கலாமா? மிக்ஸ் ஆனது வேண்டாம், பதிவானது பதிவானபடியே வேண்டும். முடிந்த பாட்டை ஓனரே உட்கார்ந்து சரிசெய்திருப்பார். பச்சையான டேக்கில் ஒன்றும் ஒளிக்க முடியாது.

உங்கள் வீட்டு அறை எத்தனை அடி?

கெடிலக்கரை:

நன்றி அண்ணா. பேட்ச் எண்ணிக்கை கேட்கவில்லை, கேட்கிறேன். அறை 10க்கு 10. கான்கிரீட் தளம், உயரமும் ஏறக்குறைய பத்தடி. ஃபோம் ஷீட் ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறேன், நான்கு சுவருக்கும் ஒட்டலாம் என்று.

மிஷன் வீதி:

ஃபோமை ஆன்லைன் கார்ட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நீங்கள் இயற்பியல் படித்தவர், உங்களுக்குச் சுலபம். பத்தடி என்றால் 3.05 மீட்டர். சத்தத்தின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர். 343ஐ 6.1ஆல் வகுத்தால் 56 ஹெர்ட்ஸ். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 56, 112, 169 என்று நிலையலைகள் நிற்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருப்பதால் மூன்று திசையிலும் அதே எண்கள்தான். ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். இருப்பதிலேயே மோசமான அறை வடிவம் இந்தச் சதுரப் பெட்டிதான், நம் ஊர் வீடுகளில் பாதி அறை அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். ஆண்குரல் கீழே இறங்கும்போது 112 ஹெர்ட்ஸ் பக்கம் வந்தாலே அறை சேர்ந்து பாடும்.

ஒரு அங்குல ஃபோம் மேல் அலைவரிசையைத்தான் தின்னும். கீழே உள்ளது அப்படியே இருக்கும், "ஸ", "ஷ" எல்லாம் மட்டும் மந்தமாகிவிடும். வெளிச்சத்தத்தையும் அது தடுக்காது. முட்டை அட்டையும் அப்படித்தான், தீப்பிடித்தால் வேறு தொல்லை. ராக்வூல் பலகையை நான்கு அங்குலக் கனத்தில் மரச்சட்டம் அடித்து, துணி போர்த்தி, மூலைகளில் நிறுத்துங்கள். அதுவரை துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து, பாடுகிறவருக்கு முதுகுப் பக்கம் ஒரு கனமான ஜமுக்காளத்தைத் தொங்கவிடுங்கள். கார்டியாய்டு மைக் முன்பக்கம்தான் கேட்கும். அதன் முன்பக்கத்தில் பாடகரும், அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரும் இருக்கின்றன. எல்லாரும் மைக்குக்குப் பின்னால் ஃபோம் வைத்துவிட்டு இந்தச் சுவரை மறந்துவிடுகிறார்கள்.

சரியாக நடு அறையில் மட்டும் நிற்க வைக்காதீர்கள்.

தேவனாம்பட்டினம் சவுண்டு:

இடையில் புகுகிறேன். நான் ஸ்டூடியோ ஆள் இல்லை, திருவிழா, கல்யாணம், மாசி மகம், கல்லூரி விழா என்று மேடைக்கு சவுண்டு போடுகிறவன். கெடிலக்கரை தம்பிக்கு ஒரு யோசனை: கோர்ஸோ கோர்ஸ் இல்லையோ, ஒரு சீசன் எங்களைப் போல யாருடனாவது வண்டியில் ஏறுங்கள். மேடையில் ரீடேக் கிடையாது. பாடகர் வந்து நின்றதும் ஐந்து நிமிடத்தில் லெவல் வைக்க வேண்டும். அந்த வேகம் வந்துவிட்டால் ஸ்டூடியோவில் நீங்கள் ராஜா.

கேபிள் சால்டர் வைக்கத் தெரியுமா? எக்ஸ்எல்ஆரில் ஒன்றாம் பின் எர்த், இரண்டு ஹாட், மூன்று கோல்டு. இதை ஒரு வகுப்பில் கையில் கொடுத்துப் பண்ணச் சொல்கிறார்களா என்று பாருங்கள். சொன்னால் அந்த ஆசிரியர் வேலை தெரிந்தவர். ஹம் என்ற உறுமல் சத்தம் வந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடுவது இன்னொரு பாடம். நம் ஊரில் 50 ஹெர்ட்ஸ் ஹம்முக்குப் பஞ்சமே இல்லை. பாதி நேரம் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினாலே நின்றுவிடும். மிச்ச நேரம் எர்த். எங்கள் பகுதியில் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் செட்டையே இறக்குவோம்.

கடல் காற்றைப் பற்றியும் யாரும் சொல்லவில்லை. கடலூர், புதுச்சேரியில் கண்டென்சர் மைக்கை வெளியே வைத்தால் ஈரம் ஏறி, படபடவென்று பொரிகிற சத்தம் வரும். காற்றுப் புகாத டப்பாவில் நீல சிலிக்கா ஜெல்லோடு போட்டு மூடுங்கள். ஜெல் ரோஸ் நிறமானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், வாணலியில் இளஞ்சூட்டில் புரட்டினால் மறுபடி நீலமாகும். சமைக்கும் வாணலி வேண்டாம், பழையது ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கும். எஸ்எம்58 மாதிரி டைனமிக் மைக்குக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. 1966இல் வந்த மைக், கீழே போட்டாலும் பாடும்.

காது முக்கியம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்கிறார்கள். ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். திருவிழா பாக்ஸ் முன்னால் நிற்பது அதற்கும் மேலே. பஞ்சு வைப்பது போதாது, இயர்பிளக் வாங்குங்கள்.

பெட்ரூம் பீட்ஸ்:

அண்ணன்கள் எல்லாரும் மைக், கேபிள், வாணலி என்று போய்விட்டீர்கள். இன்றைக்கு வெளிவருகிற பாட்டில் எத்தனையில் மைக் இருக்கிறது? குரலைத் தவிர மற்றதெல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. வயலின் செக்‌ஷன் சாம்பிள், தவில் லூப், புல்லாங்குழல் சாம்பிள். புரொடியூசர் ஆக நினைக்கிறவனுக்கு அரேஞ்ச்மென்டும் சவுண்டு டிசைனும்தான் வேண்டும். சீசனுக்கு வண்டியில் பெட்டி தூக்கினால் முதுகுதான் வலிக்கும். ரஹ்மான் வீட்டுப் பின்கட்டில்தான் பஞ்சதன் ஸ்டூடியோவைத் தொடங்கினார்.

மிஷன் வீதி:

பீட்ஸ் தம்பி, அதே பின்கட்டில் எச். ஸ்ரீதர் என்ற சவுண்டு என்ஜினியர் இருந்தார், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் தெரிந்த இசையமைப்பாளரும் காது தெரிந்த என்ஜினியரும் வேறு வேறு ஆளாக இருந்ததால்தான் அந்தச் சத்தம்.

ஆனால் உங்கள் வாதத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். பீட் மட்டும் போடுகிறவருக்கு இந்தக் கோர்ஸ் தண்டச் செலவு. கெடிலக்கரை குரல் பதிவில் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்பதால்தான் இவ்வளவு பேச்சு.

வீணை டீச்சர்:

நான் முத்தியால்பேட்டையில் வீணை சொல்லிக்கொடுக்கிறேன். இந்த இழையைப் படித்ததும் எழுத வேண்டும் போல இருந்தது. ஒரு பக்திப் பாடல் தொகுப்புக்காகப் போன வருடம் ஓர் இடத்தில் வாசித்தேன், எந்த இடம் என்பது வேண்டாம். மைக்கை வீணைக் குடத்துக்கு அரையடி பக்கத்தில் வைத்தார்கள். நகம் தந்தியில் படும் சத்தம்தான் நாதத்தைவிடப் பெரிதாகக் கேட்டது. சற்று மேலே, மெட்டுகளும் குடமும் சேரும் இடத்தைப் பார்த்தபடி இரண்டடி தள்ளி வைத்துப் பாருங்களேன் என்றேன். "மேடம், எல்லாம் மிக்ஸில் சரிபண்ணிடலாம்" என்றார்கள். பாடகி தோடி ராகம் பாடினார். கேட்டு அனுப்பச் சொல்லிப் பாட்டு வந்தபோது காந்தார ஸ்வரத்தைக் காணோம். சுருதி திருத்தும் மென்பொருள் அந்த அசைவை எல்லாம் பக்கத்து ஸ்வரத்தில் கொண்டுபோய் ஆணி அடித்து வைத்திருக்கிறது. அது அசைந்தால்தானே தோடி!

சொல்லிக்கொடுப்பவர்களுக்கு நான்கு ராகமாவது காதில் விழுந்திருக்க வேண்டாமா? தம்பி, கோர்ஸோடு சேர்த்து எங்கேயாவது கொஞ்சம் பாட்டும் படியுங்கள். அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. உங்கள் பக்கம் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத் துறை இருக்கிறது. முழுப் படிப்பாகச் சேர முடியாவிட்டாலும் அங்கே படித்துவிட்டு ஊரில் சொல்லிக்கொடுப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. ஐந்து கட்டை என்றால் கீபோர்டில் ஜி என்று தெரிந்தால் மட்டும் போதாது, தம்பூராவோடு சேர்ந்து நிற்கிறதா என்று காது சொல்ல வேண்டும்.

பெட்ரூம் பீட்ஸ்:

டீச்சர், அது மென்பொருளின் குற்றம் இல்லை. ஆட்டோ மோடில் பன்னிரண்டு ஸ்வரக் கட்டத்தைக் கொடுத்து வேகத்தையும் கூட்டிவிட்டால் கமகம் செத்துப்போகும். மெலோடைனிலோ ஆட்டோ டியூனின் கிராஃப் மோடிலோ ஒவ்வொரு ஸ்வரமாகக் கையால் தொடலாம். வழுக்கலை அப்படியே விட்டுவிட்டு, நிற்கிற இடத்தை மட்டும் சரிசெய்யலாம். நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

வீணை டீச்சர்:

எந்த இடத்தில் நிற்கிறது, எந்த இடத்தில் அசைய வேண்டும் என்று தெரிந்தவர் உட்கார்ந்தால் சரி.

நெல்லிக்குப்பம் அப்பா:

என் மகள் பிளஸ் டூ. இதே துறைதான் வேண்டும் என்கிறாள். மூன்று மாத கோர்ஸ் எல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை. டிகிரி மாதிரி ஏதாவது இருக்கிறதா? அப்புறம், ஸ்டூடியோ என்றால் ராத்திரி வேலை என்கிறார்கள். பெண்பிள்ளைக்கு ஒத்துவருமா? தவறாக நினைக்க வேண்டாம், அப்பாவாகக் கேட்கிறேன்.

வில்லியனூர் மைக்:

சார், நான் இந்த வேலையில் இருக்கிற பெண். டப்பிங், ஆடியோ புத்தகம், பாட்காஸ்ட் எடிட்டிங் செய்கிறேன். முக்கால்வாசி பகல் வேலை, பாதி வீட்டிலிருந்தே. இசைப் பதிவில் ராத்திரி உட்கார்வது உண்டு, உண்மைதான். அது ஓனரைப் பொறுத்தது. சேரும் இடத்தில் ஏற்கெனவே பெண்கள் வேலை செய்கிறார்களா, வகுப்பு எத்தனை மணிக்கு முடிகிறது, கன்ட்ரோல் ரூம் கதவில் கண்ணாடி இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவள் பார்க்கும் விஷயங்கள் வேறாக இருக்கும்.

டிகிரி என்றால் சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவுக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. அரசு நிறுவனம் என்பதால் தனியார் இடங்களோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு, இடங்களும் குறைவு. ஏதாவது ஒரு டிகிரி முடித்த பிறகு என்றால் புனே எஃப்டிஐஐ, கொல்கத்தா சத்யஜித் ராய் நிறுவனம் என்ற திரைப்படப் பயிற்சி நிறுவனங்கள் இரண்டிலும் ஒலிக்கு முதுநிலைப் படிப்பு உண்டு, நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஒலிக்காக ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டி புனேயில் படித்தவர். சென்னையில் ரஹ்மானின் கே.எம். இசைக் கல்லூரி 2008இலிருந்து நடக்கிறது, அங்கே இசையோடு சேர்ந்த தொழில்நுட்பம்.

கெடிலக்கரை, உங்களுக்கும் ஒன்று. பாடுகிறவர் சுருதி நழுவுகிறார் என்றால் திட்டுவதற்கு முன் அவர் ஹெட்ஃபோனில் என்ன போகிறது என்று கேளுங்கள். இசை ரொம்பச் சத்தமாக இருந்தால் தன் குரலே கேட்காமல் கத்துவார். கொஞ்சம் இறக்கி, சுருதியை மட்டும் ஏற்றினாலே பல பேர் சரியாகிவிடுவார்கள். மென்பொருளில் பஃபர் (ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவு) 512இல் இருந்தால் 44.1 கிலோஹெர்ட்ஸில் ஒரு வழிக்கே கிட்டத்தட்ட 12 மில்லிசெகண்டு தாமதம், போய் வருவதற்கு அதைவிடக் கூடும். பாடுகிறவருக்குத் தன் குரலே பின்னால் வந்து இடிக்கும். பதிவின்போது 128க்கு இறக்கிவிட்டு, மிக்ஸுக்குப் போகும்போது ஏற்றிக்கொள்ளுங்கள்.

நெல்லிக்குப்பம் அப்பா:

ரொம்ப நன்றிம்மா. தரமணி பற்றி இன்றைக்கே விசாரிக்கிறேன்.

கெடிலக்கரை:

சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பேட்சில் எட்டுப் பேர். ஜிஎஸ்டி தனி. லைவ் ரூம் (வாசித்துப் பதிவு செய்யும் அறை) பரவாயில்லை, ஒரு டிரம் கிட்டைப் போர்வை போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். ஸ்பீக்கர் யமஹா எச்எஸ்8. மிஷன் வீதி அண்ணன் சொன்னபடி பதிவானபடியே கேட்க வேண்டும் என்றேன். ஓனர் முதலில் யூட்யூபில் போட்ட பாட்டைத்தான் காட்டினார். நான் விடவில்லை. கடைசியில் அங்கே உதவிக்கு இருக்கும் ஓர் அக்கா பழைய ஃபோல்டரைத் திறந்து மூன்று டேக் போட்டார். குரல் ஒன்று ரொம்ப நன்றாக இருந்தது. கிட்டார் ஒன்றில் ஃபேன் சத்தம் அப்படியே இருந்தது. தபலா மொத்தமும் உடைந்து கேட்டது, லெவல் சிவப்பைத் தொட்டிருக்க வேண்டும். அந்த அக்காவே, "இதை வைச்சுத்தான் அடுத்த வகுப்பில் லெவல் சொல்லிக்கொடுத்தோம்" என்றார்.

பாடத்திட்டத்தில் ஆறு வகுப்பு மாஸ்டரிங்குக்கு என்று போட்டிருக்கிறது. லைவ் ரூமில் பதிவு நான்கே வகுப்பு.

மிஷன் வீதி:

அந்த அக்கா இருக்கும் இடம் என்றால் நல்ல இடம்தான். உடைந்த டேக்கைப் பாடத்துக்கு வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அதை மறைக்கிற இடங்களே அதிகம்.

தபலா விஷயத்துக்கு: 24 பிட்டில் பதிவு செய்யும்போது சிவப்புக்குப் பக்கத்தில் போக வேண்டிய தேவையே இல்லை. உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் வைத்தாலும் கீழே தாராளமாக இடம் இருக்கிறது. ஒத்திகையில் மெதுவாக அடிப்பார்கள், டேக் என்றதும் உற்சாகத்தில் ஆறு டெசிபல் கூட்டுவார்கள். எல்லாத் தாளக்காரரும் இப்படித்தான்.

மாஸ்டரிங் ஆறு வகுப்பு அதிகம். மூன்று மாதத்தில் யாரும் மாஸ்டரிங் என்ஜினியர் ஆகப்போவதில்லை. ஸ்பாட்டிஃபை மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் என்ற சத்த அளவுக்கு எல்லாப் பாட்டையும் சமன்செய்துதான் ஒலிபரப்புகிறது, அதனால் லிமிட்டரில் நசுக்கிச் சத்தம் கூட்டியும் பெரிய லாபமில்லை. இதைப் புரிந்துகொள்ள இரண்டு வகுப்பு போதும். மீதி நான்கை லைவ் ரூமுக்கு மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், புக்கிங் இல்லாத நேரத்தில் மாணவர்கள் அறையைப் பயன்படுத்தலாம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வார நாட்களில் காலை நேரம் எந்த ஸ்டூடியோவும் காலிதான், என்னுடையதும் சேர்த்து.

அறை கிடைத்தால் பதிவு செய்ய ஆள் வேண்டும். அதுதான் அடுத்த கஷ்டம்.

கூத்து மத்தளம்:

அந்தக் கஷ்டம் எதற்கு? நாங்கள் இருக்கிறோமே. பண்ருட்டிப் பக்கம் தெருக்கூத்து ஜமா எங்களுடையது. சித்திரை தொடங்கி ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து, நிற்க நேரமிருக்காது. அது முடிந்தால் பகலில் சும்மாதான் இருக்கிறோம். ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை (நாகஸ்வரம் போன்ற சின்ன ஊதுகுழல்), தாளம், நான்கு பேர் வருவோம். பஸ் செலவும் சாப்பாடும் கொடுங்கள், பதிவானதை எங்களுக்கும் கொடுங்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன், காதில் டிக்டிக் என்று வைத்தால் வாசிக்க மாட்டோம். வேடம் ஆட ஆடத் தாளம் ஏறும். அதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது.

மிஷன் வீதி:

ஐயா, இதைவிட நல்ல பாடம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. கெடிலக்கரை, விடாதீர்கள். கிளிக் வேண்டாம். அவர்கள் வாசிப்பதைப் பதிவு செய்துவிட்டு, அப்புறம் மென்பொருளில் டெம்போ மேப்பை அவர்கள் தாளத்துக்கு வளைத்துக்கொள்ளலாம்.

முகவீணை பார்க்கத்தான் சின்னது, சத்தம் ஊசியாகக் கிளம்பும், மற்ற எல்லா மைக்கிலும் போய் விழும். அடியில் விரியும் வாய்க்கு நேரே மைக் வைக்காதீர்கள். நாகஸ்வரத்துக்கும் இதேதான்: துளைகளிலிருந்தும் சத்தம் வருகிறது, அடியில் விரியும் அணசிலிருந்து மட்டும் இல்லை. மூன்று, நான்கு அடி தள்ளி, கொஞ்சம் உயரத்திலிருந்து விரல்களைப் பார்த்தபடி வையுங்கள். வாசிப்பவரை ஆர்மோனியத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பி உட்கார வையுங்கள்.

மிருதங்கத்துக்கு இரண்டு பக்கமும் மைக் வைத்தால் ஒன்றின் போலாரிட்டியை (அலையின் மேல், கீழை) மென்பொருளில் திருப்பிப் போட்டுக் கேளுங்கள். தொப்பியில் (இடது பக்கம்) அடித்தால் அந்தத் தோல் உள்ளே போகும், உள்ளே இருக்கும் காற்று வலந்தலையை (வலது பக்கம்) வெளியே தள்ளும். ஒரு மைக்குக்குத் தோல் விலகுகிறது, இன்னொன்றுக்கு நெருங்குகிறது. இரண்டையும் அப்படியே கூட்டினால் அடிநாதம் கழிந்து, தகரத்தைத் தட்டுவது போலக் கேட்கும். திருப்பியதும் தொப்பி எழுந்து வரும். இந்த ஒரு பொத்தானை அழுத்தி வித்தியாசம் கேட்ட பிறகு ஃபேஸ் (இரண்டு ஒலியலைகள் சேருவதும் கழிவதும்) பற்றி யாரும் உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியிருக்காது.

முதலில் எல்லாரையும் சேர்த்து இரண்டே மைக்கில் ஒரு டேக் எடுங்கள். ஆட்களை நகர்த்தி உட்கார வைத்தே பேலன்ஸ் பிடியுங்கள், ஃபேடரைத் தொடாமல்.

பெட்ரூம் பீட்ஸ்:

சரி, நானும் வரலாமா? எனக்கு முகவீணை சாம்பிள் எங்கேயும் கிடைக்கவில்லை.

கூத்து மத்தளம்:

வாங்க தம்பி. ஆனால் எங்கள் முகவீணைக்காரரை வெட்டி ஒட்டி யாருக்காவது விற்பதாக இருந்தால் அவரிடம் முதலில் பேசி, ஒரு தொகை முடிவுசெய்து, காகிதத்தில் எழுதிக்கொண்டு செய்யுங்கள். போன முறை ஒருவர் வந்து பதிவு செய்துவிட்டுப் போனார், அப்புறம் ஒரு விளம்பரத்தில்தான் எங்கள் வாசிப்பைக் கேட்டோம்.

பெட்ரூம் பீட்ஸ்:

நியாயம்தான் ஐயா. எழுதிக்கொண்டே வருகிறேன்.

கெடிலக்கரை:

ஓனரிடம் பேசிவிட்டேன். பாடத்திட்டத்தை மாற்ற ஒப்புக்கொள்ளவில்லை. செவ்வாய், வியாழன் காலை பத்திலிருந்து ஒன்று வரை புக்கிங் இல்லாவிட்டால் மாணவர்கள் லைவ் ரூமில் பழகலாம், அந்த அக்கா கூட இருப்பார் என்று ரசீதிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். இரண்டு தவணையாகக் கட்டவும் சம்மதித்தார். அப்பா முதல் தவணை கொடுத்துவிட்டார். வீணை டீச்சர், உங்களிடம் வாரம் ஒரு நாள் வாய்ப்பாட்டு அடிப்படை கற்றுக்கொள்ள வரலாமா? வகுப்புக்கு வருகிற நாளிலேயே முத்தியால்பேட்டையும் வந்துவிடுவேன்.

கூத்து மத்தளம் ஐயா, ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் ஒரு வியாழன் வைத்துக்கொள்ளலாம். ஸ்டூடியோவில் மைக் ஐந்து தருகிறார்கள், ஸ்டாண்டு மூன்றுதான் இருக்கிறது. யாரிடமாவது இரண்டு கிடைக்குமா?

வீணை டீச்சர்:

வாருங்கள். தம்பூராப் பெட்டி என்னிடம் இருக்கிறது, நோட்டு மட்டும் கொண்டு வாருங்கள்.

தேவனாம்பட்டினம் சவுண்டு:

ஸ்டாண்டு நான் தருகிறேன், இரண்டும் பூம் வைத்தது. புதன் இரவு முதுநகர் குடோனில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். என் ஸ்டாண்டு மரை 3/8 அங்குலம். ஸ்டூடியோ மைக் கிளிப் 5/8ஆக இருக்கும், இடையில் போடும் பித்தளை அடாப்டர் இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வியாழன் சாயங்காலமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், வெள்ளிக்கிழமை மஞ்சக்குப்பத்தில் எனக்கு கல்யாணம் இருக்கிறது. என்னுடையது இல்லை, வேலை.